எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டியூப் ஏன் ஓட்டையாகிறது? வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில்தான் முடிகின்றன: "மெட்டீரியல் டூப்ளிகேட்டா சார்?" சில சமயம் ஆமாம். பெரும்பாலும் இல்லை. எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் தடிமன்தான் அது. அதை உடைப்பதில் உப்பில் இருக்கும் குளோரைடை மிஞ்சிய எதிரி கிடையாது. நம் பக்கத்தில் அது கடற்காற்றிலும் இருக்கிறது, போர்வெல் தண்ணீரிலும் இருக்கிறது. அதனால் டியூப் போய்விட்டது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். குளோரைடு எங்கிருந்து வந்தது? வந்தது எங்கே தங்கியது?

புதிதாக 304 வகை எஸ்.எஸ். லைன் போட்டோம். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை) பாஸ் ஆனது. மூன்று மாதம் கழித்து லைனை ஓட்டப் போனால் வெல்டிங் ஓரமெல்லாம் ஊசித் துளை. எல்லாம் பைப்பின் அடிப்பக்கத்தில். வெல்டர் மேல் பழி போடுகிறார்கள். அவர் செய்த தப்புதானா? – பராமரிப்பு ஃபிட்டர், மணலி

"எல்லாம் அடிப்பக்கத்தில்" என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. வெல்டிங் மட்டுமே மோசம் என்றால் துளை மேலேயும் வரும், பக்கவாட்டிலும் வரும். அடியில் மட்டும் வந்தால் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. டெஸ்ட் முடித்து வால்வைத் திறந்து வடித்திருப்பார்கள். ஆனால் சரிவு சரியில்லாத இடத்திலும், முட்டுச் சந்தாக நிற்கும் கிளைக் குழாயிலும் தண்ணீர் தேங்கிவிடும். மூன்று மாத வெயிலில் அது வற்ற வற்ற உப்பு அடர்த்தியாகும்.

எந்தத் தண்ணீர் என்று நீங்கள் எழுதவில்லை. போர்வெல் தண்ணீராக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்திருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். அந்தத் தண்ணீரில் குளோரைடு மட்டும் இல்லை, பாக்டீரியாவும் இருக்கும். தேங்கிய தண்ணீரில் அவை வெல்டிங் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்கு அடியில் படலம் உடையும், குழி விழும்.

ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள். உள்பக்கம் வெல்டிங்கை ஒட்டிச் செம்பழுப்பு நிறத்தில் சிறு மேடு இருக்கும். அதைச் சுரண்டினால் ஊசி முனை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு துளை. சரி, இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த இடத்தைக் குறுக்கே அறுத்தால்தான் உள்ளே ஒரு மிளகே உட்காரும் அளவுக்குக் குடைந்திருப்பது தெரியும். வாய் சிறிது, வயிறு பெரிது. பாக்டீரியா வேலை செய்த இடங்களில் இப்படி அடிக்கடி பார்க்கலாம். ஆனாலும் இந்த வடிவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பாக்டீரியா இல்லாத சாதாரண குளோரைடு பிட்டிங்கும் (குழி அரிப்பும்) இப்படிக் குடையும். மேட்டிலிருந்து எடுத்த பொருளையும் தேங்கிய தண்ணீரையும் பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

வெல்டருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உள்பக்கம் காற்றை விலக்கும் ஆர்கான் வாயுவைச் சரியாகப் பிடிக்காமல் டிக் (TIG) வெல்டிங் செய்தால் வெல்டிங்கின் இருபுறமும் மஞ்சள், நீலம், சாம்பல் என்று நிறம் மாறும். அந்த நிறத்துக்குக் கீழே குரோமியம் குறைந்த ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. குழி தொடங்குவது அங்கேதான். ஆக வெல்டர் கதவைத் திறந்து வைத்தார், உள்ளே வந்தது தேங்கிய தண்ணீர். பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. தண்ணீர் எது என்று முடிவு செய்தவர், வடிக்கும் தேதியைக் குறிக்காமல் விட்டவர், இவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

அடுத்த தடவைக்கு: டெஸ்ட் தண்ணீரில் குளோரைடு 50 பிபிஎம்-க்குள் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) இருக்கட்டும். எஸ்.எஸ். லைனுக்குப் பல ஆலைகள் வைத்திருக்கும் வரம்பு அதுதான். டிஎம் (உப்பு நீக்கிய) தண்ணீர் கிடைத்தால் ரொம்ப நல்லது. டெஸ்ட் முடிந்ததும் வடித்து, எண்ணெய் கலக்காத காற்றை விட்டு உலர்த்துங்கள். இதைத் தள்ளிப் போடவே கூடாது. உள்பக்க நிறத்தைப் பிக்லிங் (அதற்கான அமிலத்தால் சுத்தம்) செய்து எடுங்கள். எடுக்க வழியில்லை என்றால் ஆர்கானில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

மெட்ரோ தண்ணீர்தான் கூலிங்குக்கு விடுகிறோம். குடிக்கிற தண்ணீரே ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வெப்பம் மாற்றும் கருவி) டியூபைத் தின்னுமா? – சிறு கெமிக்கல் யூனிட் நடத்துபவர், திருவொற்றியூர்

தின்னும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறது. 304 டியூபுக்குச் சாதாரண வெப்பநிலையிலேயே சுமார் 200 பிபிஎம் வரைதான் நம்பலாம் என்பது துறையில் புழங்கும் கணக்கு. அதைவிட உயர்ந்த 316 வகைக்குச் சுமார் 1000. சூடு ஏற ஏற இரண்டு எண்ணும் இறங்கும். மனிதனுக்கு ஆகும் தண்ணீர் டியூபுக்கும் ஆகும் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உள்ளே விடும் தண்ணீரில் 150 இருந்து, அதை ஐந்து மடங்கு அடர்த்தி வரை சுற்ற விட்டால் டியூபைத் தொடுவது 750. அதற்கு மேல் டியூபில் சேறும் உப்புப் படிவும் பிடித்தால் அந்தப் படிவுக்கு அடியில் எவ்வளவு என்பதை எந்த மீட்டரும் காட்டாது. தண்ணீர் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போனால் படிவு சீக்கிரம் பிடிக்கும். புளோடவுனை, அதாவது அடர்ந்த தண்ணீரை வெளியேற்றுவதை, கூட்டுங்கள். ரிப்போர்ட்டில் உள்ளே விடும் தண்ணீரை மட்டும் பார்க்காமல் சுற்றும் தண்ணீரின் குளோரைடையும் பாருங்கள். எக்ஸ்சேஞ்சரை நிறுத்தி வைக்கும்போது தண்ணீரோடு விட்டுவிடாதீர்கள். கடல் தண்ணீரையே கூலிங்குக்கு எடுத்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதில் குளோரைடு சுமார் 19,000 பிபிஎம். 316 அங்கே நிற்காது. டைட்டானியம், சூப்பர் டூப்ளெக்ஸ், குப்ரோ நிக்கல் என்று வேறு உலோகங்களுக்குப் போக வேண்டும்.

லேகிங் (வெப்பக் காப்பு உறை) போட்ட சூடான 304 லைன். ஏழு வருடம் நன்றாக ஓடியது. இப்போது லேகிங்கைப் பிரித்தால் வெளியிலிருந்து மரக்கிளை போலக் கிராக். 316-க்கு மாற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா? – ஆலைப் பொறியாளர், எண்ணூர்

மாற்றினாலும் கிராக் நிற்காது. கொஞ்சம் தள்ளிப் போகலாம், அவ்வளவுதான். கிளை பிரியும் கிராக், சூடு, குளோரைடு மூன்றும் சேர்ந்தால் அது ஸ்ட்ரெஸ் கரோஷன் கிராக்கிங் (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து வரும் விரிசல்). 304, 316 இரண்டிலும் இருக்கும் 8 முதல் 12 சதவீத நிக்கல்தான் இந்த நோய்க்கு மிகவும் வசதியான அளவு. சுவர் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஆபத்து வலயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இழுவிசையை வெளியிலிருந்து யாரும் கொடுக்க வேண்டியதில்லை, வெல்டிங்கும் வளைப்பும் விட்டுச் சென்றதே போதும்.

குளோரைடு எங்கிருந்து? லேகிங் மேல் போர்த்திய கிளாடிங் தகட்டின் இணைப்பு வழியாக. கடற்காற்றின் உப்பை மழை கழுவி உள்ளே இறக்குகிறது. சூடான பைப்பில் தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் தங்குகிறது. வருடா வருடம் வடகிழக்குப் பருவமழை இதையே திரும்பச் செய்யும். கிளாடிங் மேல் ஆட்கள் ஏறி நடந்து நசுங்கிய இடம், வால்வு கழுத்து, சப்போர்ட் துளைக்கும் இடம், இந்த மூன்றையும் முதலில் திறந்து பாருங்கள்.

செய்ய வேண்டியது: பைப்பில் சூட்டுக்கு ஏற்ற பெயின்ட், அல்லது லேகிங்குக்குக் கீழே அலுமினியம் ஃபாயில் சுற்று. கசியும் குளோரைடு குறைவாக உள்ள, ஏ.எஸ்.டி.எம். சி795-க்குப் பொருந்தும் லேகிங். துத்தநாகம் கலந்த பெயின்ட்டும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கட்டுக்கம்பியும் எஸ்.எஸ். மேல் வேண்டாம், தீ விபத்தில் உருகும் துத்தநாகம் எஸ்.எஸ்.ஸைக் கிராக் ஆக்கும். மெட்டீரியலையே மாற்றுவதாக இருந்தால் 2205 டூப்ளெக்ஸ் என்ற வேறு வகை எஸ்.எஸ்.ஸைப் பாருங்கள். ஆனால் லைன் தொடர்ந்து 250 டிகிரிக்கு மேல் ஓடும் என்றால் அதுவும் ஆகாது, நாளடைவில் நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

கால் இன்ச் 316 இன்ஸ்ட்ருமென்ட் டியூப். பிளாஸ்டிக் கிளாம்புக்கு அடியில் குழி, கம்ப்ரசர் பக்கம் ஃபெரூல் (ஃபிட்டிங்கில் டியூபைக் கவ்வும் வளையம்) ஓரத்தில் கிராக். இரண்டுக்கும் ஒரே காரணமா? – இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், காட்டுப்பள்ளி

இல்லை. கிளாம்பின் கீழ் வருவது இடுக்கு அரிப்பு. கடலோர ஈரத்தில் உப்பு அந்த இடுக்கில் இறங்கி வெளியே வர வழியில்லாமல் தங்குகிறது. இந்த டியூபின் சுவர் பெரும்பாலும் 0.9 மில்லிமீட்டர்தான், குழி சீக்கிரம் மறுபக்கம் போய்விடும். தண்ணீர் நிற்காத வடிவக் கிளாம்ப் போடுங்கள். மழையே படாத, நிழலான இடத்து டியூபை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மழை கழுவும் டியூபைவிடக் கூரைக்குக் கீழே இருக்கும் டியூப்தான் முதலில் போகும்! தொடர்ந்து போகிறது என்றால் 6 சதவீத மாலிப்டினம் உள்ள டியூபுக்கு மாறுங்கள்.

ஃபெரூல் ஓரத்துக் கிராக் கிளை இல்லாமல் நேர்கோடாக, குறுக்கே போகிறதா? அப்படியென்றால் அதிர்வுதான் காரணம். ஃபிட்டிங்குக்கு அருகில் சப்போர்ட் கொடுங்கள், அதிரும் மெஷினுக்கும் அசையாத ஸ்டாண்டுக்கும் நடுவே டியூபில் ஒரு வளையம் விடுங்கள். இணைக்கும்போது ஹாக்ஸா பிளேடு வேண்டாம், டியூப் கட்டர். பிசிறு எடுத்து, அடிவரை தள்ளி, கையால் முடுக்கிய பிறகு ஒன்றேகால் சுற்று. ஒரு கம்பெனி நட், இன்னொரு கம்பெனி ஃபெரூல் என்று கலக்கவே கலக்காதீர்கள். அழுத்தமுள்ள லைனில் அது உயிர் விஷயம்.

காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட் எஸ்.எஸ்.தானே? – ஃபேப்ரிகேஷன் பட்டறை, வியாசர்பாடி

அப்படிச் சொல்ல முடியாது. வளைத்த, இழுத்த 304 லேசாக ஒட்டும். மாங்கனீஸ் அதிகமுள்ள மலிவான 200 சீரிஸ் ஒட்டாமலே இருக்கும். 304-ஐயும் 316-ஐயும் காந்தம் பிரிக்காது. 316-ல் சேர்க்கும் மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டு மருந்து டெஸ்ட் பிரிக்கும், உலோகக் கலவையைப் படிக்கும் எக்ஸ்ரே கன் இன்னும் நன்றாகப் பிரிக்கும். அந்தக் கன் கார்பனைப் படிக்காது, அதனால் 316-ஆ, கார்பன் குறைந்த 316எல்-ஆ என்பதற்கு ஆலை தரும் மில் சர்டிஃபிகேட்டும் டியூபில் உள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) பொருந்துகிறதா என்று பாருங்கள்.

உங்கள் பட்டறைக்கு இதைவிட முக்கியம் ஒன்று. எம்.எஸ். (சாதா இரும்பு) அறுத்த வீலையும் எம்.எஸ். வயர் பிரஷையும் எஸ்.எஸ்.ஸில் பிடிக்காதீர்கள். பதிந்த இரும்புத்தூள் துருப்பிடித்து, நல்ல டியூபைக்கூட டூப்ளிகேட் மாதிரி காட்டும்.

மீன் பதப்படுத்தும் இடம். தினமும் பிளீச்சிங் போட்டுக் கழுவுகிறோம். துருக் கறைக்கு ஆசிட் ஊற்றலாமா? – காசிமேடு

கடையில் பாட்டிலில் விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக். அதை எஸ்.எஸ். பக்கமே கொண்டு போகாதீர்கள். அதோடு, பிளீச்சிங் மிச்சமிருக்கும் இடத்தில் அது பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். பிளீச்சிங்கைச் சரியான அளவில் கலந்து, குறித்த நேரம் மட்டும் வைத்து, நல்ல தண்ணீரில் முழுவதும் அலசிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊற விட வேண்டாம். கறைக்கு சிட்ரிக் அமிலம் கலந்த எஸ்.எஸ். கிளீனர் போதும்.

லீக் ஆன துண்டை ஸ்கிராப்பில் போட்டுவிட்டு டியூபை மாற்றிவிட்டோம். மறுபடி போனால் லேபுக்கு எதை அனுப்ப வேண்டும்? – ஷிஃப்ட் இன்சார்ஜ், மணலி

போன துண்டையும், பக்கத்திலேயே போகாமல் நன்றாக இருக்கும் ஒரு துண்டையும். கேஸ் கட்டிங் வேண்டாம், ஓட்டையிலிருந்து தள்ளி ரம்பத்தால் அறுங்கள், கூலன்ட் ஊற்றாமல். கழற்றும் முன்பே மார்க்கரால் மேல்பக்கம் எது, ஓட்டம் எந்தத் திசை என்று எழுதி, ஃபோட்டோ எடுங்கள். கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. காரணம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது. உலர்ந்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள். லைனில் இருந்த தண்ணீர் ஒரு பாட்டில், கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள், எத்தனை நாள் தண்ணீரோடு நின்றது என்ற லாக் புக் பக்கங்கள், மில் சர்டிஃபிகேட் நகல் எல்லாம் கூடவே போகட்டும். பாக்டீரியா சந்தேகம் இருந்தால் தண்ணீரை ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.