பிளவு அண்ணத்தில், சீழ் காதில்: ஏன்?

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம். பிறவியிலேயே அண்ணப் பிளவு. சில மாதங்களில் ஆபரேஷன் என்கிறார்கள். அதற்குள் இரண்டு முறை காதில் சீழ் வடிந்துவிட்டது. குளிப்பாட்டும்போது தண்ணீர் போயிருக்கும் என்கிறார் மாமியார். உதட்டுப் பிளவு மட்டும் உள்ள பக்கத்துத் தெருக் குழந்தைக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆபரேஷன் செய்தால் காதும் சரியாகிவிடுமா?

பதில்: நீங்கள் குளிப்பாட்டியதில் குற்றமில்லை, அம்மா. செவிப்பறை ஓட்டையில்லாமல் இருக்கும்வரை வெளித் தண்ணீர் நடுச்செவிக்குள் போகாது. காரணம் அண்ணத்தில் இருக்கிறது.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு சிறு குழாய் போகிறது. நாம் விழுங்கும்போது அதைத் திறந்து காற்றை உள்ளே விடுவது அண்ணத்துத் தசை. அண்ணம் பிளந்திருந்தால் அந்தத் தசைக்குப் பிடிமானம் இல்லை. குழாய் சரியாகத் திறக்காது. காற்று போகாத நடுச்செவியில் நீர் கோக்கும். சளி பிடித்துக் கிருமி ஏறினால் அது சீழாகும். உதடு மட்டும் பிளந்த குழந்தைக்கு இந்தத் தசை பழுதில்லை. மற்றக் குழந்தைகளுக்கு வருகிற அளவுக்குத்தான் காது நோய் வரும். டவுன் சின்ட்ரோம் போன்ற பிறவிக் கோளாறும் சேர்ந்திருந்தால் அபாயம் இன்னும் கூடும்.

சீழைவிட எனக்குக் கவலை, சத்தமில்லாமல் தேங்கும் நீர்தான். அண்ணப் பிளவுள்ள கைக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருக்கிறது. வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. கேட்பது மட்டும் மங்கும். அண்ணத்தால் ஏற்கெனவே தடுமாறக்கூடிய பேச்சு, காதும் மந்தமானால் இன்னும் பின்தங்கும். அதனால் காது வடியாத நாளிலும் செவித்திறன் பரிசோதனை வேண்டும். சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பெரா, செவிப்பறையின் அசைவை வைத்து உள்ளே நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி இரண்டையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

படுக்கவைத்துப் பால் கொடுக்காதீர்கள். தலையை நன்றாக உயர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. விறகடுப்புப் பக்கமும் குழந்தை வேண்டாம். நிமோனியாவுக்கான பிசிவி தடுப்பூசி காதையும் ஓரளவு காக்கும். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். விட்டுப்போயிருந்தால் இப்போதே கேளுங்கள். வடிகிற காதில் எண்ணெய் விடவே கூடாது. சீழ் வடிந்திருப்பதால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். அது மூடியதென்று டாக்டர் சொல்லும்வரை குளிக்கும்போது தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் அவசியம், ஆனால் மறுநாளே காது தேறாது. குழாய் வளர்ந்து தேற, பலருக்குப் பள்ளி வயது ஆகும். செவிப்பறையில் வைக்கும் குரோமெட் என்ற சிறு குழல் அதுவரை காற்றோட்டம் தரும். எல்லாக் குழந்தைக்கும் வைப்பதா, கேட்கும் திறனைக் கவனித்து வைப்பதா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மகனுக்கு இருமுறை வடிந்திருப்பதால், அதே மயக்க மருந்தில் குரோமெட்டும் வைக்கலாமா என்று ஆபரேஷன் தேதி குறிக்கும்முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.