தலையில் அடிபட்ட பிறகு முகம் இறுகுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்க்கும் வேலை. நான்கு மாதங்களுக்கு முன் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தேன். சி.டி. ஸ்கேனில் கோளாறு ஏதுமில்லை, மூளை அதிர்ச்சி மட்டுமே என்றார்கள். ஆனால், மதியத்திற்கு மேல் நெற்றிப் பொட்டும் தாடையும் இறுகித் தலைவலி வந்துவிடுகிறது. தினமும் பனடோல் சாப்பிடுகிறேன். மூளையில் வேறு ஏதேனும் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, பினாங்கு

பதில்: சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ச்சியால் நரம்பணுக்களின் செயல்பாட்டில் ஏற்படும் மாறுதலைக் காட்டாது. ஆகவே, ஸ்கேன் சரியாக இருந்தும் வலி நீடிப்பதில் வியப்பில்லை; அதைக் கற்பனை என்று யாரும் ஒதுக்கவும் கூடாது.

விழுந்தபோது தலையோடு கழுத்தும் குலுங்கியிருக்கும். கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் முகத்தின் உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பும் தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே இடத்தில் சந்திப்பதால், பிடரித் தசையில் கிளம்பும் வலி நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் தெரிகிறது. மேலும், இத்தகைய அடிக்குப் பிறகு சிலருக்கு இரு கண்களும் அருகிலுள்ள பொருளின்மீது ஒருசேரக் குவியச் சிரமப்படும். திரையைப் பார்க்கப் பார்க்க அவர்கள் தம்மையறியாமல் புருவத்தைச் சுருக்கிப் பல்லைக் கடிப்பார்கள். வலி மதியத்திற்கு மேல்தான் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

வேலைக்கு நடுவே இரு பொட்டுகளிலும் விரல் வைத்துப் பாருங்கள். பல்லைக் கடித்தால் விரலுக்கடியில் தசை புடைப்பது தெரியும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டியதில்லை. உதடுகள் மூடி, பற்கள் விலகி, நாக்கு நுனி மேல்வரிசைப் பற்களுக்குப் பின்னால் லேசாகப் படிந்திருப்பதே தாடைக்கு ஓய்வு. பிசியோதெரபி உதவக்கூடும். யார் சொன்னாலும் கழுத்தை நெட்டி முறிக்க மட்டும் விடாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த மாத்திரைதான். பனடோலை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதங்களைத் தாண்டிச் சாப்பிட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை நீடிக்கச் செய்துவிடும். வாரத்தில் இரண்டு நாளுக்குள் குறைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சில நாள் வலி கூடுவது இயல்பு. அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை மருத்துவர் குறைந்த அளவில் இரவில் எடுக்கச் சொன்னால், அது மனச்சோர்வுக்கும் தரப்படுகிறதே என்று தயங்க வேண்டாம். இருட்டறையில் படுத்தே கிடப்பதும் பயன் தராது. வலி கூடாத அளவுக்குத் தினமும் நடங்கள்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இவற்றைச் சொல்லி, கண் பரிசோதனைக்கும் பிசியோதெரபிக்கும் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, அடிக்கடி வாந்தி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ, கிளினிக்கில் எண் வாங்கிக் காத்திராமல் உடனே 999ஐ அழையுங்கள்.