லைசென்ஸ் இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகள் ராத்திரி ஷிப்ட் முடிந்து ஆப்பில் டாக்ஸி புக் பண்ணித்தான் வருகிறாள். நான் பயந்தால், "போலீஸ் விசாரிக்காமலா டிரைவருக்கு லைசென்ஸ் குடுப்பாங்க, பேசாம தூங்கும்மா" என்கிறாள். அவள் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இல்லை. லைசென்ஸ் கொடுப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டி ஓட்டத் தெரியுமா, வயது ஆகிவிட்டதா, கண்ணும் காதும் சரியா என்பதுதான் அங்கே விஷயம். வாடிக்கையான குற்றவாளியின் லைசென்ஸைப் பறிக்க மோட்டார் வாகனச் சட்டம் 19-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது, ஆனால் அவர் அப்படிப்பட்டவர் என்று யாராவது போய்ச் சொன்னால்தானே!

போலீஸ் விசாரணை டாக்ஸி கம்பெனியின் பொறுப்பு. மத்திய அரசு 2020-ல் கொடுத்த வழிகாட்டுதலில் (2025-ல் அதற்குப் பதில் புதியது வந்துவிட்டது) டிரைவரைச் சேர்க்கும் முன்பே அது முடிந்திருக்க வேண்டும், குறைந்தது 2 வருட அனுபவம் வேண்டும், கடந்த 7 வருடங்களில் குடித்துவிட்டு ஓட்டியதற்கோ பாலியல் குற்றத்துக்கோ தண்டனை பெற்றிருக்கக் கூடாது என்று இருந்தது.

இங்கே 'தண்டனை' என்பதைக் கவனியுங்கள். 2014 டிசம்பரில் டெல்லியில் ஆப் டாக்ஸியில் போன பெண்ணை அந்த டிரைவரே பாலியல் வன்கொடுமை செய்தார், மறு வருடம் ஆயுள் தண்டனை கிடைத்தது. முன்பே ஒரு பாலியல் வழக்கில் கைதாகி விடுதலையானவர் அவர், அதனால் ஒழுங்காக விசாரித்திருந்தாலும் 'தண்டனை' என்ற கட்டம் காலியாகத்தான் இருந்திருக்கும். அவர் கையில் நன்னடத்தைச் சான்றிதழ் வேறு இருந்தது, டெல்லி போலீஸ் பெயரில், போலி! கொடுத்ததாகச் சொல்லும் ஆபீஸிலேயே ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்ப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி, மற்றதெல்லாம் ஃபைலில் குத்தி வைக்கிற காகிதம்.

அப்புறம், நல்ல சான்றிதழ் வாங்கிய ஆள் ஒருவர், அவர் ஐ.டி.யில் வண்டி எடுத்து வருவது தம்பியோ நண்பரோ என்பதும் நடக்கிறது. சில ஆப்கள் டிரைவரிடம் திடீரென்று செல்ஃபி கேட்பது இதற்காகத்தான். பெரும்பாலான டிரைவர்கள் ஒழுங்காகப் பிழைக்கிறவர்கள், அவர்களுக்கும் இந்தத் திருட்டு ஐ.டி.யால் கெட்ட பெயர்.

மகளிடம் தூங்க மாட்டேன் என்றே சொல்லுங்கள். ஏறும் முன் நம்பர் பிளேட்டையும் முகத்தையும் ஆப்போடு ஒத்துப் பார்க்கட்டும், ஒன்று மாறியிருந்தாலும் "அந்த வண்டி ரிப்பேர் மேடம்" என்ற கதையைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் கேன்சல் பண்ணட்டும். பயணத்தை உங்கள் போனுக்கு ஷேர் பண்ணச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112.