17 தையலில் ஒரு பிறை: குரோஷே கேள்வி பதில்

நிலா, நட்சத்திரம், சூரியன், வளையம் போட்ட கோள் என்று உள்ளங்கை அளவுச் சதுரங்களாகக் குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலையில், பின்னிக் குவித்து வைத்திருக்கிறேன். அவற்றைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயம் முதலில்: நான் ‘சிங்கிள் குரோஷே’ என்று ஒரு தையலைச் சொல்வது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் வழக்கில் அதே தையலுக்கு டபுள் குரோஷே என்று பெயர். பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, எந்த வழக்கில் எழுதியது என்று பார்க்காமல் உட்கார்ந்தால் உங்கள் முழுநிலா முட்டையாக நீண்டுவிடும்.

அக்கா, டேப்பஸ்ட்ரி, மொசைக், இன்டார்சியா என்று நிறம் மாற்றிப் பின்னும் முறைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பிறைநிலாவுக்கு எது?

டேப்பஸ்ட்ரி. இரண்டு நூலையும் கூடவே எடுத்துப் போவீர்கள். வேலை செய்யாத நூல் தையலுக்குள்ளேயே ஒளிந்து வரும். கட்டத்தாளில் எந்தக் கட்டத்துக்கு என்ன நிறமோ, துணியிலும் அதுவே. வளைவான உருவத்துக்கு இந்தச் சுதந்திரம் வேண்டும்.

மொசைக்கில் ஒரு வரிசைக்கு ஒரே நிறம்தான். இரண்டு வரிசை கீழே இருக்கும் தையலின் முன்கண்ணியில் (தலையில் நம்மைப் பார்த்திருக்கும் கண்ணி) நீளத் தையலை இறக்கி நிறத்தை மேலே வரவழைப்பார்கள். நூல் மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் அதற்கென்று கண்டிப்பான விதிகள் உண்டு. கட்டம் கட்டமான நட்சத்திரமும் சூரியக் கதிரும் அதில் ஜோராக வரும், வட்டம் முரண்டு பிடிக்கும். இன்டார்சியாவில் ஒவ்வொரு நிறப்பகுதிக்கும் தனி நூல், சின்னச் சின்ன அட்டையில் சுற்றித் தொங்கவிட வேண்டும். நடுவில் ஒரே ஒரு பெரிய முழுநிலா என்றால் அது நல்லது. பத்து நட்சத்திரம் என்றால் பத்து அட்டை தொங்கும், பிறகு பின்னுவதைவிடச் சிக்கெடுப்பதுதான் வேலையாக இருக்கும்.

படம் பார்த்துத்தான் பின்னினேன். பிறைக்குப் பதிலாகச் சீப்புப் பல் மாதிரி வந்திருக்கிறது. என்ன தப்பு?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். எண்ணிக்கையில் தப்பு இருக்காது, படித்த திசையில்தான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பின்னும்போது நல்ல பக்க (வெளியே தெரியும் முகம்) வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உள்பக்க வரிசையை இடமிருந்து வலமாக. எல்லா வரிசையையும் ஒரே திசையில் படித்தால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கண்ணாடி பிம்பமாகிவிடும். முழுநிலா, எட்டுக்கதிர் நட்சத்திரம் போன்ற இருபக்கமும் ஒத்த உருவங்களில் இது தெரியாது. பிறையில் உடனே பல்லிளிக்கும்.

நான் பின்னும் பிறையை அப்படியே தருகிறேன். 9 தையல் அகலம். நல்ல பக்கத்தைப் பார்த்து இடமிருந்து வலமாக, கீழிருந்து மேலாக எழுதுகிறேன். முதல் வரிசை 2 நீலம், 5 மஞ்சள், 2 நீலம். இரண்டாவது 4 நீலம், 4 மஞ்சள், 1 நீலம். மூன்றாவது 5 நீலம், 4 மஞ்சள். அடுத்து 4 வரிசைகளுக்கு 6 நீலம், 3 மஞ்சள். பிறகு வந்த வழியே திரும்புங்கள்: 5-4, 4-4-1, 2-5-2. மொத்தம் 10 வரிசை. இரு பக்கமும் 4 தையல் நீலம், கீழே 4 வரிசை, மேலே 5 வரிசை நீலம் விட்டால் 17 தையல், 19 வரிசைச் சதுரம் முடிந்தது.

இனி இதைத் திசையோடு பாருங்கள். பிறை தொடங்குவது சதுரத்தின் 5ஆம் வரிசையில். ஒற்றைப்படை, நல்ல பக்கம். 6ஆம் வரிசை உள்பக்கம், அதை எழுதியபடியே இடமிருந்து பின்னுவீர்கள். 7ஆம் வரிசையில் ஓர நீலம் 4 முடிந்ததும் மஞ்சள் 4 முதலில் வரும், நீலம் 5 அப்புறம். வரிசை முடிந்ததும் தாளில் அதன் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். நான் இன்றும் போடுகிறேன்.

9 தையல் அகலத்துக்கு ஏன் 10 வரிசை? வட்டம் என்றால் இரண்டும் சமம்தானே?

தாளில் கட்டம் சதுரம். சிங்கிள் குரோஷே தையல் சதுரமில்லை, கொஞ்சம் குள்ளம். என் கையில் 10 சென்டிமீட்டருக்கு 20 தையல், 22 வரிசை வருகிறது. ஆக ஒரு தையல் 5 மில்லிமீட்டர் அகலம், ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் உயரம். 9க்கு 9 பின்னினால் நிலா 4.5 சென்டிமீட்டர் அகலமும் 4.1 உயரமுமாக மேலே யாரோ உட்கார்ந்ததுபோல் நசுங்கும். நடு வரிசையை இன்னொரு முறை பின்னினால் சரியாகிவிடும்.

உங்கள் கை வேறு. ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஈரப்படுத்திக் காயவைத்து, அதற்குப் பிறகு அளந்து பாருங்கள். வரிசை எண்ணிக்கையைத் தையல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் உங்கள் பெருக்கு எண், எனக்கு 1.1. முதல் போர்வையில் இந்தக் கணக்கைப் பார்க்காமல் 12 நிலா பின்னினேன். பன்னிரண்டும் பூசணி.

மஞ்சள் நட்சத்திரத்துக்குள் கருநீலம் எட்டிப் பார்க்கிறது. மறைக்க முடியுமா?

முழுசாக முடியாது, குறைக்கலாம். ஊசியை அரை மில்லிமீட்டர் குறையுங்கள்; நூல் உறையில் 4 என்று போட்டிருந்தால் 3.5. துணி இறுகினால் இடைவெளி குறையும். உள்ளே போகும் நூலைத் தையலின் நடுவில் வைத்துப் பின்னுங்கள், மேலே ஏறி உட்கார விடாதீர்கள். அதற்காக அதை இழுக்கவும் கூடாது, இழுத்தால் சதுரம் சுருங்கும். வரிசைக்கு ஒரு முறை துணியை அகலவாக்கில் மெல்ல நீவிவிட்டால் போதும்.

சிலர் மஞ்சள் தேவைப்படும் வரிசைகளில் மட்டும் அதை எடுத்துப் போவார்கள். அப்போது அந்த வரிசைகள் தடித்து, மற்றவை மெலிந்து போகும். நான் முதல் வரிசையிலிருந்து கடைசி வரை இரண்டு நூலையும் ஓடவிடுகிறேன். நூல் கொஞ்சம் கூடுதலாகும், சதுரம் ஒரே கனத்தில் நிற்கும்.

வெள்ளை நிலாவுக்குக் கருநீலம் என்றால் இந்தச் சிக்கல் உச்சத்தில் இருக்கும். வெண்ணெய் நிறமோ வெளிர் மஞ்சளோ எடுத்தால் கண் மன்னித்துவிடும்.

நிறம் மாறும் இடத்தில் பழைய நிறம் ஒரு புள்ளியாகத் தலைகாட்டுகிறது.

ஒரு தையல் தாமதமாக மாற்றுகிறீர்கள். நீலத்தின் கடைசித் தையலில் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும் அல்லவா, அங்கே நீலத்தை விட்டுவிட்டு மஞ்சளால் இழுத்து முடியுங்கள். அடுத்த தையலின் தலை, முந்தைய தையலின் முடிவில்தான் உருவாகிறது.

ஐந்துமுனை நட்சத்திரம் எனக்கு நண்டு மாதிரி வருகிறது.

நண்டு உங்கள் தப்பில்லை. கட்டத்தாளுக்கு நேர்க்கோடும் 45 டிகிரிச் சாய்வும்தான் இஷ்டம். ஐந்துமுனைக்கு 72 டிகிரிக் கணக்கு வேண்டும். 25, 30 தையலாவது இருந்தால்தான் அது முகம் காட்டும். சின்னச் சதுரத்துக்கு நான்கு முனை, எட்டு முனை எடுங்கள். 7க்கு 7இல் ஒரு மினுக்கு நட்சத்திரம்: 3-1-3 இரண்டு வரிசை, 2-3-2, பிறகு ஏழும் மஞ்சள், 2-3-2, மறுபடி 3-1-3 இரண்டு வரிசை. நடு எண் மஞ்சள், ஓரங்கள் நீலம். இது என் கைக்கு மனப்பாடம்.

பிறையின் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? என் மகள் "இது தேய்பிறைம்மா" என்று சிரிக்கிறாள்.

மகள் சொல்வதில் பொருள் இருக்கிறது. வட அரைக்கோளத்திலிருந்து பார்த்தால் வளர்பிறைக்கு வலப்பக்கம் வெளிச்சம், தேய்பிறைக்கு இடப்பக்கம். தென் அரைக்கோளத்தில் தலைகீழ். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பிறை தோணிபோல் மல்லாந்து கிடக்கும். அதனால் மேலே தந்த பிறையை நீங்கள் எப்படித் திருப்பினாலும் உலகத்தில் எங்காவது அது சரிதான். ஆனால் எட்டுச் சதுரத்தில் அமாவாசை முதல் அமாவாசை வரை வரிசையாகப் பின்னினால் திசையை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வளர்பிறைச் சதுரத்தை அரைச் சுற்றுத் திருப்பினால் அதுவே தேய்பிறை. ஒரே படம் போதும். மேலும் கீழும் நீல வரிசை ஒன்று கூடக்குறைய இருப்பதைச் சதுரத்தைச் சுற்றிச் சட்டம் போடும்போது சரிக்கட்டலாம்.

இன்னொன்று. பிறையின் இரு கொம்புக்கும் நடுவில் நட்சத்திரம் வைக்கிறார்கள். அந்த இருட்டும் நிலாவின் உடம்புதான். அதற்குள் நட்சத்திரம் தெரியாது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு மனசு வருவதில்லை, வெளியே தள்ளி வைத்துவிடுவேன்.

நான் இடதுகைக்காரன். படம் எல்லாம் திரும்பி வருமா சார்?

சார் இல்லை, அக்கா. நல்ல பக்கத்தை நீங்கள் இடமிருந்து வலமாகப் படியுங்கள், உள்பக்கத்தை வலமிருந்து இடமாக. படம் திரும்பாது. வலதுகைக்காரருக்கு எழுதிய வரிசைக் குறிப்பை அப்படியே பின்னினால்தான் திரும்பும்.

சனிக் கோளின் வளையம் எவ்வளவு நீளம்? எனக்குத் தொப்பி மாதிரி வருகிறது.

நீளம் போதவில்லை, அதனால்தான் தொப்பி. முக்கிய வளையங்களின் குறுக்களவு கோளின் குறுக்களவைப்போல் ஏறத்தாழ 2.3 மடங்கு. கோள் 8 தையல் என்றால் வளையம் 18. சாய்வாகப் போட வேண்டுமானால் இரண்டு தையலுக்கு ஒரு வரிசை ஏற்றுங்கள். என் வழி இன்னும் சோம்பேறி வழி: கோளை மட்டும் பின்னிவிட்டு, வளையத்தை மேலே செயின் தையலாக ஓட்டிவிடுவேன். கோளுக்கு முன்னால் வரும் பகுதி மட்டும் தெரியட்டும், பின்னால் போகும் பகுதியைக் கோளின் விளிம்போடு நிறுத்துங்கள்.

நட்சத்திரக் கூட்டங்களைப் பின்ன முடியுமா? ஓரியன் ஆசை.

பின்னாதீர்கள், தையுங்கள். ஒற்றைத் தையல் அளவுப் புள்ளிகளுக்காகச் சதுரம் முழுக்க இரண்டாவது நூலை இழுத்துப் போவது வீண். வெறும் நீலச் சதுரம் பின்னி, கட்டத்தாளில் புள்ளி வைத்து எண்ணி, அந்த இடங்களில் பிரெஞ்சு முடிச்சு (நூலைத் தையல் ஊசியில் சுற்றிப் போடும் சின்னக் குமிழ்) போடுங்கள். ஓரியனில் நிறத்தைக் கவனியுங்கள்: ஒரு தோளில் இருக்கும் திருவாதிரை செம்மை, எதிர்மூலைக் காலில் இருக்கும் ரைகல் நீலவெண்மை. இடுப்பில் மூன்று வெள்ளை. செம்முடிச்சு ஒன்று மாறினாலே சதுரத்துக்கு உயிர் வந்துவிடும். கார்த்திகை இன்னும் எளிது. பழந்தமிழில் அதற்கு அறுமீன் என்றே பெயர். ஆறு முடிச்சு, நெருக்கமாக, ஒரு கைப்பிடிக்குள்.

ஜரிகை நூல் வேண்டாமா என்று அடுத்து கேட்பீர்கள். முடிச்சுக்கு மட்டும் சரி. சதுரம் முழுக்க ஓடவிட்டால் கழுத்தை அறுக்கும்.

நூல் பருத்தியா, உல்லனா, அக்ரிலிக்கா?

விளிம்பு கூர்மையாகத் தெரிய மெர்சரைஸ்டு பருத்தி, அதாவது பளபளப்பாக்கிய பருத்தி நூல். கம்பளியின் பிசிறு இரு நிறத்தையும் லேசாகக் கலக்கும்; நிலாவுக்கு அது நன்றாகவே இருக்கும், நட்சத்திர முனைக்கு ஆகாது. அக்ரிலிக் போர்வைக்குச் சுகம், ஆனால் இஸ்திரிப் பெட்டியைத் தொட விடாதீர்கள், உருகித் தொங்கிவிடும்.

துவைத்ததும் நீலம் நிலாவுக்கு ஏறிவிட்டது. வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள்.

பருத்தியில் வினிகர் சாயத்தைப் பிடித்து வைக்காது. ஏறியதை இறக்குவது சிரமம். காய்வதற்கு முன்பே திரும்பத் திரும்பக் குளிர்ந்த நீரில் அலசுவதுதான் வழி. அடுத்த முறை, பின்னுவதற்கு முன்னால் ஒரு சாண் நீல நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தி வையுங்கள். காலையில் துணியில் கறை இருந்தால் அந்தக் கண்டை ஒருநிறச் சதுரங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

48 சதுரத்துக்கு எவ்வளவு நூல் வாங்குவது?

முதல் சதுரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு கண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். நீலம் 7 கிராம் குறைந்திருந்தால் 48க்கு 336. ஓரம் கட்டவும் இணைக்கவும் கால் பங்கு சேர்த்து 420. உறையில் இருக்கும் சாய எண் (ஒன்றாகச் சாயமேற்றிய தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கும்படி ஒரே தடவையில் வாங்குங்கள்.

சதுரங்கள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகவில்லை. எப்படி இணைப்பது?

ஒவ்வொன்றுக்கும் நீலத்தில் ஒரு சுற்றுச் சட்டம் போடுங்கள். மேலும் கீழும் தையலுக்கு ஒன்று, மூலைக்கு மூன்று. பக்கவாட்டில் வரிசை 19, ஆனால் தையல் 17 வேண்டும். ஆகவே சீரான இடைவெளியில் இரண்டு வரிசையைத் தாண்டுங்கள். நான்கு பக்கமும் எண்ணிக்கை ஒன்றானால் அளவு தானே வழிக்கு வரும். நனைத்து, ஒரே அட்டையில் குத்தூசியால் 9.5 சென்டிமீட்டருக்கு இழுத்துக் குத்திக் காயவிட்டு, அப்புறம் இணையுங்கள்.

எனக்கு 68 வயசும்மா. கறுப்பு நூலில் தையல் கண்ணுக்கே தெரியல. இந்த ஆசையை விட்டுடவா?

விடாதீர்கள் அம்மா, கறுப்பை விடுங்கள். இரவு வானத்துக்குக் கறுப்பு தேவையே இல்லை. மயில்நீலம், கத்தரிப்பூ நிறம், அந்திக்குச் சாம்பல்நீலம் எல்லாம் வானம்தான். மடியில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டால் தையலின் ஓட்டை வெளிச்சமாகத் தெரியும். விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். நூலையும் கொஞ்சம் தடியாக எடுத்து, ஊசியை 5க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதே 17 தையல்தான், சதுரம் மட்டும் பெரிசாக வரும். கருநீலம்தான் வேண்டும் என்றால் பகல் வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு நாலு வரிசை. அஞ்சே நாளில் ஒரு நிலா.