சினாபுங் சாம்பல்: மகனுக்குச் சொல்ல வேண்டியது

ஆச்சி, மகன் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பெராஸ்தாகி ஊரில் இருக்கிறார், பக்கத்துச் சினாபுங் எரிமலை மறுபடி பொங்கினால் என்ன செய்வதென்று காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தீர்கள். எரிமலைச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை. பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும். உலர்ந்தபடி பெருக்கினால் நெஞ்சுக்குள் போகும். லேசாகத் தண்ணீர் தெளித்து, என்95 முகக்கவசம் போட்டு அள்ளச் சொல்லுங்கள். கூரையில் மட்டும் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஊறினால் பாரம் கூடி, தகரக் கூரை அப்படியே இறங்கிவிடும். (நம்ம ஊர் ஓட்டுக் கூரைக்கும் அதே கதிதான்.) சாம்பல் உள்ளே போகாமல் இருக்க, மழைநீர்த் தொட்டிக்கு வரும் குழாயை முதலில் கழற்றிவிட வேண்டும்.

வெடிப்பு ஓய்ந்தாலும் மழை பெய்தால் ஆற்றோரம் சேறு பாய்ந்து வரும். அப்புறம், அங்கே எச்சரிக்கை நாலு படி. கீழிருந்து மூன்றாவதான 'சியாகா' (தயார்நிலை) வந்ததுமே பையைக் கட்டிவிடலாம். அக்கம்பக்கத்தில் யாரிடம் வண்டி இருக்கிறது, நடக்க முடியாத பெரியவர்களை யார் ஏற்றுவது என்று இப்போதே பேசி வைக்கட்டும்.