ஐரோப்பாவின் பழைய மதங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றனவா, அல்லது எல்லாம் புதிதாகக் கட்டியதா?

இரண்டும் கலந்ததுதான். நாட்டுக்கு நாடு கலவை மாறும். லித்துவேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்தவத்துக்கு மாறிய அரசு அதுதான், 1387-இல். மேற்கே சமோகிட்டியா பகுதி மாற 1413 ஆகிவிட்டது. அதனால் இடி தெய்வம் பெர்கூனாஸ், நிலத்தாய் ஜெமீனா போன்ற பெயர்கள் நாட்டுப்புறப் பாடல்களிலும் கதைகளிலும் தங்கிவிட்டன. வேத நூல் என்று ஒன்று கிடையாது. பூசாரிகளின் பரம்பரையும் அறுந்துபோனது. ஆக, மிஞ்சியது பாட்டும் அடுப்பு நெருப்புக்குக் காட்டிய மரியாதையும்தான் என்று சொல்லலாம்.

1967-இல், சோவியத் ஆட்சியின் நடுவே, கெர்னவே என்ற பழைய கோட்டை மேடுகளில் சிலர் கூடி ராசோஸ் என்னும் கோடைக்காலச் சூரியத் திருவிழாவை நடத்தினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் யோனாஸ் டிரிங்கூனாஸ். வெளியே நாட்டார் கலை, உள்ளே வழிபாடு! ஆனாலும் 1973-இல் அவருக்குப் பல்கலைக்கழக வேலை போனது. சுதந்திரத்துக்குப் பின் 1992-இல் 'ரோமுவா' என்ற பெயரில் இந்த இயக்கம் மத அமைப்பாகப் பதிவானது.

பதிவு வேறு, அரசு அங்கீகாரம் வேறு. அங்கீகாரம்தான் இழுபறி. 2019-இல் நாடாளுமன்றம் மறுத்தது. 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாரபட்சம் என்றது. 2024 டிசம்பரில்தான் அங்கீகாரம் கிடைத்தது.

சடங்குகளின் வரிசை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் அமைத்தது. பாடப்படும் பாட்டு பழையது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை.