கையடக்க விஎச்எஃப்: சார்ஜ் பேட்டரியா, பென்சில் செல்லா?

இந்த முறை கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து, படகில் பேசப் பயன்படும் கையடக்க விஎச்எஃப் வயர்லெஸ் செட் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேட்டரி பற்றியவைதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஃபைபர் படகுக்குப் புது செட் வாங்கப் போகிறேன். லித்தியம் பேக்கா, பென்சில் செல் போடும் ட்ரேயா? (தேவனாம்பட்டினம்)

இரண்டும் வேண்டும். அன்றாடப் பேச்சுக்கு சார்ஜ் செய்யும் லித்தியம் அயன் பேக், ஆபத்துக்கு அல்கலைன் (தீர்ந்தால் தூக்கிப்போடும் பென்சில் செல்) ட்ரே. தினமும் அல்கலைன் போட்டால் ஆறு செல்லுக்கு 300 ரூபாய் பக்கம் போய்க்கொண்டே இருக்கும், கட்டுப்படியாகாது. பேக்கை மட்டும் நம்பினால் கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்? 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு கடலூர் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். எல்லா மாடலுக்கும் ட்ரே கிடையாது. பணம் கொடுக்கும் முன்பே கடையில் கேட்டுவிடுங்கள். அந்த ட்ரேயும் செல்லும் நீர் புகாத டப்பாவில் இருக்க வேண்டும், வாங்கிய தேதியை மேலே எழுதுங்கள்.

அல்கலைன் போட்டால் எதிராளி பேசுவது நன்றாகக் கேட்கிறது. நான் பேச பட்டனை அழுத்தினால் செட் அணைந்துவிடுகிறது. செட் கோளாறா? (வீராம்பட்டினம்)

பெரும்பாலும் செல்தான் காரணம். கேட்கும்போது செட் இழுப்பது சொற்பம். 5 வாட்டில் பேசும்போது ஒன்றரை ஆம்பியர் பக்கம் இழுக்கும். அல்கலைன் செல்லுக்கு உள்தடை அதிகம், அந்த இழுப்பில் வோல்டேஜ் சட்டென்று இறங்கிவிடும். செல் கொஞ்சம் பழசாக இருந்தால் செட்டே அணைந்துவிடும். 1 வாட்டுக்கு மாற்றிப் பேசுங்கள், பக்கத்துப் படகுக்கு அது போதும். 16ஆம் சேனலில் உதவி கேட்கும் நேரம் என்றால் முதலில் 5 வாட், அணைந்தால் 1 வாட்.

எந்த செல் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. பெட்டிக்கடையில் தொங்கும் 10, 15 ரூபாய் செல் அல்கலைன் இல்லை, சுவர்க் கடிகாரத்துக்கு உள்ளது. செல் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கேள்வி கேளுங்கள்.

அல்கலைன் ட்ரேயில் ரீசார்ஜ் பென்சில் செல் போடலாமா? (சோனாங்குப்பம்)

கையேடு அனுமதித்தால் போடலாம். ரீசார்ஜ் பென்சில் செல் என்பது நிக்கல் செல், அது 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. அதனால் செட்டில் பேட்டரி அளவு குறைவாகவே காட்டும், பயப்பட வேண்டாம். பேசும்போது அல்கலைனைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் சாதாரண நிக்கல் செல் சும்மா இருந்தாலே ஒரு மாதத்தில் கால் பங்கு சார்ஜ் இறங்கிவிடும். ஆபத்துக்கு எடுத்துவைக்கும் ட்ரேக்கு அது ஆகாது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து செட்டை எடுத்தால் உயிரே இல்லை. சார்ஜரும் எடுக்கவில்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டதா? (தேங்காய்த்திட்டு)

ஒவ்வொரு ஜூனிலும் இதே கடிதம்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கத்திரி வெயிலில், பூட்டிய படகு அறைக்குள், பேக் மாட்டியபடியே செட்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இதில் கம்பெனி என்ன செய்யும்?

செட்டை அணைத்தாலும் பல மாடல்கள் துளித்துளியாகக் கரண்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஏற்கெனவே காலியாக இருந்த லித்தியம் பேக் இன்னும் கீழே போய், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடுகிறது. அதனால்தான் சார்ஜர் எடுக்கவில்லை. நேராக வயர் கொடுத்து ‘எழுப்பித் தருகிறேன்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். அப்படி எழுப்பிய பேக் தீப்பிடிக்கலாம். புது பேக் வாங்குங்கள்.

அல்கலைனை உள்ளேயே விட்டவர்கள் கதை இன்னும் மோசம். செல் தீர்ந்ததும் உள்ளே வாயு சேர்ந்து, மூடி பிதுங்கி, காரம் கசியும். ட்ரேயைத் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். கண்ணில், கையில் படாமல் பார்த்துக்கொண்டு, எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீர் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங் அரித்துப்போயிருந்தால் ட்ரேயை மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? படகைக் கட்டும் அன்றைக்கே பேக்கைக் கழற்றுங்கள். பாதி சார்ஜில் வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள், தகரக் கொட்டகையில் வேண்டாம். மே நடுவில் ஒருமுறை பாருங்கள். அல்கலைனையும் கழற்றி டப்பாவில் போடுங்கள், தேதி எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் முதல் நாள் கடலுக்குப் பேச வழியில்லாமல் போகிறீர்கள், அந்தப் படகில் நான்கைந்து உயிர் இருக்கிறது.

ஆன்லைனில் 5000 எம்ஏஎச் ரீசார்ஜ் பென்சில் செல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கடலூர் முதுநகர்)

வேண்டாம், அச்சடித்த பொய். அந்த அளவு நிக்கல் செல்லில் உண்மையாக வருவது 2000 முதல் 2500 வரைதான், போனால் இன்னும் கொஞ்சம்.

விசைப்படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சார்ஜ் போடலாமா? (நல்லவாடு)

அந்த செட்டுக்கு உரிய 12 வோல்ட் சார்ஜர் இருந்தால் தாராளமாக. பேக்கில் நேராக வயர் சுற்றக் கூடாது.

தீர்ந்த அல்கலைனைத் திரும்ப சார்ஜ் செய்தால்?

கசியும், வெடிக்கவும் கூடும். செய்யாதீர்கள்.

உபரி ட்ரேயில் உள்ள செல்லை அவசரத்துக்கு டார்ச்சில் போட்டுக்கொள்ளலாமா? (தாழங்குடா)

கூடாது. டார்ச்சுக்குத் தனியாக வாங்குங்கள்.